ஸ்போர்ட்ஸ் பைக் வாங்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே ஸ்போர்ட்ஸ் பைக் என்று நான் சொல்வது முழு ஃபேரிங் (காற்றைக் கிழிக்கிற வெளிமூடி) போட்ட, தாழ்ந்த ஹேண்டில்பார் வைத்த, 600 சிசி நான்கு சிலிண்டரில் தொடங்கி 1000 சிசியையும் தாண்டிப் போகிற வண்டிகளை. வாங்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவர்களும், வாங்கிய பிறகு இதை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நிற்கிறவர்களும் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றுக்குத்தான் இந்தப் பதில்கள். எனக்கு இந்த வண்டிகள் மேல் பிரியம் அதிகம், ஆனாலும் உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறேன்.

இவ்வளவு சிரமம் தருகிற வண்டியை எதற்குச் செய்கிறார்கள்?

பந்தயத்துக்காக. 1988-ல் உலக சூப்பர்பைக் சாம்பியன்ஷிப் தொடங்கியபோது அதன் அடிப்படை விதியே, பொதுமக்களுக்கு விற்கிற வண்டியை வைத்துத்தான் ஓட வேண்டும் என்பது. ஜெயிக்க நினைக்கிற கம்பெனி என்ன செய்யும்? பந்தயத்துக்கு ஏற்ற வண்டியை முதலில் உருவாக்கி, அதில் விளக்கும் இண்டிகேட்டரும் நம்பர் பிளேட்டும் மாட்டி நமக்கு விற்கும். ஹோண்டாவின் ஆர்சி30, 1994-ல் வந்த டுகாட்டி 916 எல்லாம் அப்படி வந்தவைதான். இந்த வம்சத்தின் தொடக்கம் என்று பலரும் சொல்வது 1985-ல் விற்பனைக்கு வந்த சுசுகி ஜிஎஸ்எக்ஸ்-ஆர்750. அலுமினியச் சட்டகம், உலர் எடை (பெட்ரோல், ஆயில் ஊற்றாத எடை) 180 கிலோவுக்கும் கீழே. அப்புறம் 1992-ல் ஹோண்டாவின் பொறியாளர் ததாவோ பாபாவின் குழு ஃபயர்பிளேடைக் கொண்டுவந்தது. 893 சிசி எஞ்சின் இருந்தும் உலர் எடை 185 கிலோதான். 1998-ல் யமஹா ஆர்1 வந்து 998 சிசி, 150 குதிரைத்திறன், 177 கிலோ என்று கணக்கையே மாற்றிவிட்டது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், இந்த வண்டியில் உங்களை வருத்துகிற ஒவ்வொன்றும் ஒரு காரணத்தோடுதான் இருக்கிறது. ஹேண்டில்பார் தாழ்ந்திருப்பது உங்கள் எடை முன்சக்கரத்தின் மேல் விழுவதற்கு. கால்வைப்பு உயரத்தில் இருப்பது வண்டி நன்றாகச் சாயும்போது அது தரையில் உரசாமல் இருப்பதற்கு. சீட் கல் மாதிரி இருப்பது பின்டயர் என்ன செய்கிறது என்று உங்கள் உடம்புக்குத் தெரிவதற்கு. கஷ்டத்தை மட்டும் கழற்றி வைத்துவிட்டு மிச்சத்தை அனுபவிக்கிறேன் என்றால் நடக்காது, இரண்டும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. இதை மனதார ஒப்புக்கொள்ள முடிந்தால் மேலே படியுங்கள்.

அப்படி என்னதான் கிடைக்கிறது?

லிட்டர் பைக்கின், அதாவது 1000 சிசி வண்டியின், 200 குதிரைத்திறன் என்பது எஞ்சின் நிமிடத்துக்கு 13,000 சுழற்சிக்குப் பக்கத்தில் சுற்றும்போது கிடைப்பது. 4,000 சுழற்சியில் அதில் கால் பங்கு அளவுதான் இருக்கும், அங்கே அது சாதுவான வண்டி. ஆறு, ஏழாயிரம் வரை ‘வேகமான பைக்தான்’ என்று தோன்றும். எட்டாயிரத்தைத் தாண்டியதும் எல்லாமே மாறுகிறது. காற்றுப்பெட்டி டேங்குக்கு அடியில் இருப்பதால், எஞ்சின் காற்றை உறிஞ்சுகிற அந்தக் கரகரத்த இரைச்சல் சைலன்ஸரிலிருந்து வராமல் நேராக உங்கள் தாடைக்குக் கீழேயிருந்து வருகிறது. ஹேண்டில்பார் கையில் லேசாகிறது, அதாவது முன்சக்கரம் தரையை விடப் பார்க்கிறது. கண்ணுக்கு ஓரத்தில் இருந்தவை கரைந்துபோய்ச் சாலையின் நடு மட்டும் கூர்மையாகத் தெரிகிறது. ஒன்றிரண்டு விநாடிதான், அதற்குள் த்ராட்டிலை (ஆக்ஸிலரேட்டரை) மூட வேண்டியிருக்கும்.

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. பூஜ்யத்திலிருந்து 100 கி.மீ.க்கு இவை எல்லாமே சுமார் 3 விநாடி எடுத்துக்கொள்கின்றன, 160 குதிரைத்திறனானாலும் சரி, 210 ஆனாலும் சரி. சக்கர இடைவெளி 1.4 மீட்டர் சொச்சம்தான் என்பதால் அதற்கு மேல் முறுக்கினால் முன்சக்கரம் தூக்கிக்கொள்ளும், அவ்வளவுதான் இயற்பியல் விடுகிற அளவு. கூடுதல் குதிரைத்திறன் வேலை செய்வது 100-க்கு மேலே. மற்ற வண்டிகள் மூச்சு வாங்குகிற இடத்தில் இது அப்போதுதான் ஆரம்பிக்கிறது, 200-ஐ ஏழு விநாடி வாக்கில் தொட்டுவிடும்.

ஆனால் நேர்கோட்டு வேகம் சீக்கிரம் பழகிவிடும். பழகாதது வளைவு. பிரேக்கைப் பிடித்து முன் ஃபோர்க் அமுங்க, கியரைக் குறைத்து, இடுப்பை உள்பக்கம் நகர்த்தி, பார்வையை வளைவின் முடிவுக்குத் திருப்பி, உள்பக்க ஹேண்டிலை மெல்ல முன்னே தள்ளினால் வண்டி அப்படியே சாய்ந்து அமர்கிறது. 45 டிகிரி சாய்வில் உங்கள் மேல் பக்கவாட்டில் இயங்கும் விசை உங்கள் எடைக்குச் சமம். டயர் தரையைப் பிடித்திருப்பதை உட்கார்ந்திருக்கிற இடத்தில் உணர முடியும். அந்த நேரத்தில் வேறு எந்த நினைப்பும் வராது, வரவும் இடமில்லை. வேலை, கடன், மனஸ்தாபம் எல்லாம் ஹெல்மெட்டுக்கு வெளியே நிற்கின்றன. என்னைக் கேட்டால் இவ்வளவு சிரமத்துக்கும் விலை இதுதான், மற்றதெல்லாம் உபரி.

தினமும் வேலைக்கு ஓட்டிக்கொண்டு போகலாமா?

போகலாம், ஆனால் உங்களுக்கும் பிடிக்காது, வண்டிக்கும் பிடிக்காது. லிட்டர் பைக்கில் முதல் கியரே 140 கி.மீ.யைத் தாண்டுகிற மாதிரி அமைக்கப்பட்டது, எனவே நெரிசலில் மெதுவாக நகர வேண்டுமென்றால் கிளட்சைப் பாதி பிடித்தபடியே இருக்க வேண்டும். கண்ணாடியில் பாதி உங்கள் முழங்கைதான் தெரியும். ஹேண்டில் திரும்புகிற அளவு மிகக் குறைவு. ஒரு குறுகலான தெருவில் யு டர்ன் போட்டுப் பாருங்கள்: ஹேண்டிலை முழுதாக ஒடித்ததும் கட்டை விரல் டேங்குக்கும் ஹேண்டிலுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும், அதே சமயம் த்ராட்டிலைக் கொஞ்சம் திறக்கவும் வேண்டும், காலோ தரையில் நுனிதான் பதியும். அனுபவசாலிகள் பலர் அந்த இடத்தில் இறங்கித் தள்ளித் திருப்புகிறார்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இரண்டு மூன்று கிலோமீட்டர் தூரத்துக்கு எடுத்துப் போய் நிறுத்துவது எஞ்சினுக்கு இன்னும் மோசம். ஆயில் சரியாகச் சூடாவதற்குள் அணைத்துவிட்டால் உள்ளே படிகிற ஈரம் ஆவியாகிப் போகாமல் ஆயிலிலேயே தங்கும். இதற்கு இரண்டாவது வண்டி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், சின்னதாக, எதற்கும் அசராததாக. ஒரே ஒரு வண்டிதான் வைத்திருக்க முடியும் என்ற நிலையில் இருக்கிறவர்களுக்கு ஸ்போர்ட்ஸ் பைக் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

சூடு பற்றிச் சொல்வது உண்மையா?

உண்மைதான், கொஞ்சம்கூட மிகையில்லை. அலுமினியச் சட்டகம் எஞ்சினை இரு பக்கமும் அணைத்தபடி உங்கள் தொடைக்கு நடுவில் வருகிறது, எஞ்சின் சூடு அப்படியே அதில் ஏறும். ரேடியேட்டர் விசிறி 100 டிகிரியை ஒட்டி ஓடத் தொடங்கியதும் அந்த அனல் காற்று காலில் அடிக்கும். டுகாட்டி தன் வி4 எஞ்சின்களில், வண்டி நின்றுகொண்டிருக்கும்போது பின்பக்கச் சிலிண்டர்கள் இரண்டையும் நிறுத்திவைக்கிற ஏற்பாட்டையே செய்திருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஓடும்போது பிரச்சினை இல்லை, நிற்கும்போதுதான். நீண்ட சிக்னலில் எஞ்சினை அணைத்துவிடுங்கள், ஜீன்ஸுக்குப் பதில் கனமான ரைடிங் பேன்ட் போட்டால் சூடு குறைவாகத் தெரியும்.

மணிக்கட்டும் முதுகும் வலிக்கிறது, சரியாகுமா?

பெரும்பாலும் சரியாகும். வலிக்கிறது என்றால் உடம்பின் எடையைக் கையில் தாங்குகிறீர்கள் என்று அர்த்தம். முழங்கால்களால் டேங்கை இறுக்கிப் பிடியுங்கள், எடையை வயிற்றுத் தசையும் தொடையும் தாங்கட்டும், கை இரண்டும் தளர்ந்து முழங்கை மடங்கியிருக்க வேண்டும். ஹேண்டிலை ஒரு பழத்தைப் பிடிக்கிற மாதிரி பிடித்தால் போதும். டேங்கின் இரு பக்கமும் ஒட்டுகிற ரப்பர் பிடிப்பு கிடைக்கிறது, விலை குறைந்த மாற்றங்களில் எனக்குத் தெரிந்து இதற்கு மேல் பயனுள்ளது எதுவும் இல்லை. இறுக்கிப் பிடித்த கை வலியோடு நிற்பதில்லை, முன்சக்கரம் சாலைக்கு ஏற்ப அசைவதையும் தடுக்கிறது, அதனால் வண்டி ஆடுகிறது, பயந்து இன்னும் இறுக்குகிறோம். வேகம் 100-ஐ நெருங்கும்போது எதிர்காற்று நெஞ்சைத் தாங்கிக்கொள்வதால் மணிக்கட்டுக்கு ஓய்வு கிடைக்கும், மெதுவாகப் போகும்போதுதான் வலி அதிகம். விரல் மரத்துப்போவது தொடர்ந்தால், அல்லது கழுத்தில் ஏற்கெனவே கோளாறு இருந்தால், மருத்துவரைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நான் உயரம் குறைவு. முடியுமா?

முடியும். சீட் உயரம் பெரும்பாலும் 830 முதல் 850 மி.மீ., ஆனால் முன்பக்கம் ஒடுக்கமாக இருப்பதால் எண் சொல்கிற அளவுக்குக் கஷ்டமில்லை. நிற்கும்போது இடுப்பை ஒரு பக்கம் நகர்த்தி ஒரு காலை முழுதாகப் பதித்தால் போதும். 200 கிலோ வண்டியை உட்கார்ந்தபடி பின்னால் தள்ளுவதுதான் நிஜமான சவால், எனவே எங்கே நிறுத்துகிறோம் என்பதை நிறுத்துவதற்கு முன்பே யோசிக்கப் பழகுங்கள். மூக்கு பள்ளத்தைப் பார்த்து நிற்கிற வண்டியைத் தனியாக வெளியே எடுப்பது உயரமானவர்களுக்கும் கடினம்.

முதல் பைக்காகவே வாங்கிவிடலாமா?

வேண்டாம். இதில் நான் வளைந்துகொடுக்க மாட்டேன்.

காரணம், புதிதாக ஓட்டுகிறவர் செய்கிற சின்னத் தவறுகளை 300, 400 சிசி வண்டி மன்னித்துவிடும். கிளட்சைப் பட்டென்று விட்டால் அணைந்துபோகும், வளைவில் த்ராட்டிலைக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்தால் ஒன்றும் ஆகாது. லிட்டர் பைக்கில் ஒரு குழியில் விழுந்து கை தன்னையறியாமல் திரும்புகிற அளவே போதும், 30 கி.மீ. வேகம் கூடியிருக்கும். இன்னொன்று, பெரிய வண்டியில் தொடங்குகிறவர் பயத்திலேயே ஓட்டுவார், பயத்தில் எதையும் கற்க முடியாது. சின்ன வண்டியை அதன் முழு வலுவுக்கும் பிழிந்து ஓட்டுகிறவருக்குத்தான் பிரேக்கின் எல்லையும் டயரின் எல்லையும் தெரியவரும். முதலில் 300–400, பிறகு 650–700 சிசி இரட்டைச் சிலிண்டர், அதன் பிறகு நான்கு சிலிண்டர் என்று போங்கள். ஒவ்வொன்றிலும் ஒன்றிரண்டு வருடம் ஓட்டுவது வீணல்ல, அந்த நாட்களும் நல்ல நாட்களாகவே இருக்கும்.

ட்ராக்‌ஷன் கண்ட்ரோலும் ஏபிஎஸ்ஸும் இருக்கும்போது என்ன பயம்?

முறுக்கும்போது பின்சக்கரம் வழுக்காமல் பார்ப்பது ட்ராக்‌ஷன் கண்ட்ரோல், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்ப்பது ஏபிஎஸ். இவை அருமையான கருவிகள், சந்தேகமே இல்லை. மோட்டார் சைக்கிளில் ஏபிஎஸ் 1988-ல் பிஎம்டபிள்யூ கே100-ல் வந்தது. வளைவிலும் வேலை செய்கிற ஏபிஎஸ் 2014-ல் கேடிஎம் 1190 அட்வென்சரில். 2015 யமஹா ஆர்1-ல் ஆறு அச்சு உணரி வந்த பிறகு வண்டி எவ்வளவு சாய்ந்திருக்கிறது, எந்தச் சக்கரம் வழுக்குகிறது என்பதை அதுவே அளந்து எஞ்சினைக் கட்டுப்படுத்துகிறது. இவை இல்லாத காலத்தில் நடந்த பயங்கரமான விஷயம் ஒன்று உண்டு, ஹைசைட் என்பார்கள். வளைவிலிருந்து வெளியே வரும்போது பின்சக்கரம் வழுக்க, பதறி த்ராட்டிலை மூட, டயர் திடீரென்று பிடித்துக்கொள்ள, வண்டி நிமிர்ந்து ஆளைத் தூக்கி எறிந்துவிடும். அது இப்போது வெகுவாகக் குறைந்திருக்கிறது.

ஆனால் இந்தக் கருவிகள் டயருக்கு இருக்கிற பிடிப்பைப் பங்கிடத்தான் முடியும், இல்லாத பிடிப்பை உண்டாக்க முடியாது. சாலையில் கிடக்கிற மணல், சிந்திய டீசல், இன்னும் சூடாகாத டயர் இவற்றின் மேல் 45 டிகிரி சாய்ந்தால் எந்த மின்னணுவும் காப்பாற்றாது. வளைவுக்குள் அளவுக்கு மீறிய வேகத்தில் நுழைந்துவிட்டால் அதையும் அது சரிசெய்யாது. வலுவை மென்மையாகத் தருகிற மழை மோடில் வைத்துப் பழகுங்கள், வருடக்கணக்கில் அதிலேயே ஓட்டினாலும் சரிதான்.

நேர்மையாகச் சொல்லுங்கள், எவ்வளவு ஆபத்து?

நிறைய ஆபத்து. எந்த மோட்டார் சைக்கிளும் ஆபத்துதான், இதில் வேகம் அதைப் பெருக்குகிறது. மணிக்கு 100 கி.மீ.யில் விநாடிக்கு 28 மீட்டர் போகிறீர்கள், நல்ல தரையில் நல்ல பிரேக்கோடு நிற்க சுமார் 40 மீட்டர் தேவை. 200-ல் விநாடிக்கு 56 மீட்டர், நிற்க சுமார் 160 மீட்டர். வேகம் இரண்டு மடங்கானால் நிற்கிற தூரம் நான்கு மடங்கு. இதில் ‘ஐயோ’ என்று உறைக்கிற அந்த ஒரு விநாடியைச் சேர்க்கவே இல்லை.

அதே சமயம், விபத்து என்றாலே அசுர வேகம் என்று நினைப்பதும் சரியல்ல. ஹாரி ஹர்ட் தலைமையில் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் நடந்த, 1981-ல் வெளியான விபத்து ஆய்வு இன்றும் படிக்கத் தகுந்தது. அதில் விபத்துக்கு முந்தைய வேகத்தின் நடுமதிப்பு மணிக்கு 48 கி.மீ. மட்டுமே. மற்ற வாகனங்களோடு மோதியவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் எதிரே வந்த கார் மோட்டார் சைக்கிளைக் கவனிக்காமல் குறுக்கே வந்தது. இன்னொரு முடிவுதான் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. ஆபத்து வந்த நொடியில் பெரும்பாலானோர் பின்பிரேக்கை அதிகமாக அழுத்திச் சக்கரத்தைப் பூட்டினார்கள், முன்பிரேக்கைப் போதிய அளவு பிடிக்கவில்லை, ஹேண்டிலை எதிர்ப்பக்கம் தள்ளி விலகத் தெரிந்தவர்கள் இல்லவே இல்லை என்று சொல்லலாம். 92 சதவீதம் பேர் தாங்களாகவோ வீட்டாரிடமோ நண்பர்களிடமோ ஓட்டக் கற்றவர்கள். ஆகவே பணம் இருந்தால் முதலில் பயிற்சிக்குச் செலவழியுங்கள். அவசர பிரேக்கை ஆளில்லாத, சுத்தமான திடலில் அடிக்கடி பழகுங்கள். முன்பிரேக்கைச் சட்டென்று கவ்வாமல், எடை முன்னால் வர அரை நொடி கொடுத்து, பிறகு அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். கை இதைக் கற்றுக்கொள்ள நாளாகும்.

உடைகளைப் பற்றி ஒரு வார்த்தை. முழு முக ஹெல்மெட், தோல் சூட், முதுகுக் கவசம், மணிக்கட்டை மூடுகிற கையுறை, கணுக்காலை மூடுகிற பூட்ஸ். வண்டிக்கு ஒதுக்கிய பணத்திலிருந்தே இதற்கு எடுங்கள். இதற்கு மிச்சமில்லை என்றால் ஒரு படி சின்ன வண்டி வாங்குங்கள்.

600-ஆ, 1000-ஆ?

எனக்கு 600 பிடிக்கும், காரணம் சொல்கிறேன். அதன் சுகம் 10,000-க்கு மேலேதான், 16,000 சுழற்சிக்கு அருகே வரை போகும், கியரை இடைவிடாமல் மாற்றி எஞ்சினைக் கொதிநிலையில் வைத்திருக்க வேண்டும். ஓட்டுகிறவருக்கு வேலை அதிகம், அந்த வேலையில்தான் ருசி. வளைவில் சட்டென்று சாயும். லிட்டர் பைக்கோ எந்தக் கியரிலும் இழுக்கும், அதனால் சோம்பேறித்தனமாகவும் ஓட்டலாம், ஆனால் முழுதாகத் திறக்க இடமே கிடைக்காது.

வருத்தம் என்னவென்றால் 600 வகை அருகிக்கொண்டே வருகிறது. புகை விதிகள் கடுமையானபோது, அதிகச் சுழற்சியில் வலு தருகிற இந்தச் சின்ன எஞ்சின்களை அவற்றுக்கேற்ப மாற்றுவது கம்பெனிகளுக்குக் கட்டுப்படியாகவில்லை. யமஹா ஆர்6 ஐரோப்பாவில் 2020-க்குப் பிறகு சாலைக்கான வண்டியாக விற்கப்படவில்லை. அந்த இடத்துக்கு ஏப்ரிலியா ஆர்எஸ்660, யமஹா ஆர்7 மாதிரி இரட்டைச் சிலிண்டர் வண்டிகள் வந்திருக்கின்றன. சாலையில் ஓட்ட அவை இன்னும் நல்லவை என்று ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அந்த அலறல் இல்லை.

இன்னொரு முனையில் 1999-ல் 1299 சிசியோடு வந்து 300 கி.மீ.யைத் தாண்டிய சுசுகி ஹயபுசா. அதன் பிறகுதான் கம்பெனிகள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு 299-ல் நிறுத்திக்கொண்டன. 2015-ல் வந்த கவாசாகி எச்2 998 சிசியில் சூப்பர்சார்ஜர் பொருத்தியது, அதன் எச்2ஆர் வடிவம் 310 குதிரைத்திறன், பந்தய ஓடுதளத்துக்கு மட்டும். இவை வேறு ரகம், வளைவை விட நேர்சாலையில் மனசு வைத்தவர்களுக்கு.

இந்த வலுவைச் சாலையில் எங்கே பயன்படுத்துவது?

எங்கேயும் இல்லை. முதல் கியரிலேயே பெரும்பாலான சாலைகளின் வேக வரம்பு முடிந்துவிடுகிறது. ஆகவே ட்ராக் டேக்குப் போங்கள், அதாவது பந்தய ஓடுதளத்தில் நம் வண்டியை ஓட்ட விடுகிற நாளுக்கு. அது பந்தயம் இல்லை, நேரக் கணக்கும் பரிசும் கிடையாது, அனுபவத்துக்கு ஏற்பப் பிரித்து அனுப்புவார்கள், முந்திச் செல்வதற்கும் விதி உண்டு. எதிரே லாரி வராது, நாய் குறுக்கே ஓடாது, ஒரே வளைவு திரும்பத் திரும்ப வரும். போன சுற்றில் எங்கே பிரேக் பிடித்தோம், எங்கே த்ராட்டிலைத் திறந்தோம் என்று நினைவில் வைத்து, அடுத்த சுற்றில் கொஞ்சம் மாற்றிப் பார்க்கலாம். அந்த நாளின் முடிவில் உங்கள் வண்டி ஏன் இப்படிச் செய்யப்பட்டது என்பது உடம்புக்குப் புரிந்துவிடும். வலித்த மணிக்கட்டு அங்கே வலிக்காது, கல் மாதிரி இருந்த சீட் அங்கே சரியாக இருக்கும்.

போவதற்கு முன் பிரேக் ஆயிலைப் புதிதாக மாற்றுங்கள், பழைய ஆயில் ஈரம் இழுத்திருந்தால் சூட்டில் கொதித்து லீவர் தளர்ந்துவிடும். கண்ணாடியைக் கழற்றுங்கள், விளக்குகளுக்கு டேப் ஒட்டுங்கள். முதல் சில சுற்றுகள் டயரைச் சூடாக்க மட்டும். களைப்பு தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள், மாலையில் ‘கடைசியாக ஒரு தடவை’ என்று போகும்போதுதான் நிறையப் பேர் விழுகிறார்கள்.

சாலையில் ஓட்டுகிற நாட்களுக்கு என் யோசனை: அதிகாலையில் கிளம்புங்கள், வேகத்தைத் தேடாமல் வளைவைத் தேடுங்கள், தனியாகவோ ஒருவரை ஒருவர் நன்றாகத் தெரிந்த ஓரிருவரோடோ போங்கள். பெரிய கூட்டத்தில் யாராவது ஒருவர் தன் அளவுக்கு மீறி ஓட்டத்தான் செய்வார்.

செலவு எதில் போகிறது?

யானையைக் கட்டித் தீனி போடுகிற கதைதான். முதலில் டயர். பின்டயர் 180 முதல் 200 மி.மீ. அகலம், பிடிப்புக்காக மென்மையான ரப்பர், சாலையிலேயே 5,000 முதல் 8,000 கி.மீ.க்குள் தேய்ந்துவிடும், ஓடுதளத்தில் அதைவிட மிக வேகமாக. பெட்ரோல் லிட்டருக்கு 15, 18 கி.மீ. கிடைத்தால் நல்லது. டேங்க் 17 லிட்டர் அளவு, எனவே 220 கி.மீ. தாண்டினால் பெட்ரோல் பங்க்கைத் தேட ஆரம்பிக்க வேண்டும். அமுக்க விகிதம் 13-க்கு 1 என்பதால் ஆக்டேன் கூடிய பெட்ரோலே போட வேண்டும்.

அப்புறம் சர்வீஸ். ஒரு ஸ்பார்க் பிளக்கைப் பார்க்க ஃபேரிங், டேங்க், காற்றுப்பெட்டி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும், கூலியில் பாதி இதற்கே போகிறது. வால்வ் இடைவெளி பார்ப்பது பெரிய வேலை. எஞ்சின் வால்வுகளை இயக்க பெல்ட் வைத்த பழைய டுகாட்டிகளில் வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் குறிப்பிட்ட காலத்தில் பெல்ட்டை மாற்றியாக வேண்டும், அறுந்தால் எஞ்சின் போயிற்று. நின்ற இடத்தில் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து விழுந்தாலே ஃபேரிங், லீவர், கால்வைப்பு, எஞ்சின் மூடி என்று பட்டியல் நீளும். இன்சூரன்ஸ் தொகையை வண்டி வாங்கும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பராமரிப்பில் நானே என்ன செய்யலாம்?

நிறையச் செய்யலாம். பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்துகிற பேடாக் ஸ்டாண்ட் ஒன்று வாங்குங்கள், சென்டர் ஸ்டாண்ட் இந்த வண்டிகளில் கிடையாது. ஸ்டாண்டில் நிறுத்திச் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றியபடி செயினைத் துடையுங்கள். ஒரு இடத்தில் செயின் தளர்ந்தும் இன்னொரு இடத்தில் இறுகியும் இருந்தால் அது சீரற்றுத் தேய்ந்திருக்கிறது, மாற்றும் நேரம் நெருங்குகிறது. எஞ்சினை ஓடவிட்டுச் செயினைத் துடைக்கவே கூடாது, விரல் போய்விடும். சுத்தம் செய்து எண்ணெய் போடுவது 500 முதல் 1,000 கி.மீ.க்கு ஒருமுறை, மழையில் ஓட்டினால் உடனே. அப்படியே டயரை ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள், ஆணியோ கண்ணாடித் துண்டோ கையில் தட்டுப்படும். காற்றழுத்தம் டயர் குளிர்ந்திருக்கும்போது, கிளம்பும் ஒவ்வொரு நாளும் பார்க்க வேண்டும். பல வண்டிகளுக்குச் சாலையில் முன்னால் 36, பின்னால் 42 என்று புத்தகம் சொல்லும், உங்கள் வண்டிக்கு உங்கள் புத்தகம்தான் அளவு.

மாற்றங்களுக்குப் பணம் வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் முதலில் சைலன்ஸரைத்தான் மாற்றுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை, அக்கம்பக்கத்துத் தூக்கம் கெடுவதுதான் மிச்சம். அந்தப் பணத்தில் பாதிகூட ஆகாது, சஸ்பென்ஷனை உங்கள் எடைக்கு அமைத்துத் தரச் சொல்லுங்கள். வண்டி கம்பெனியிலிருந்து வரும்போது யாரோ ஒரு சராசரி ஆளுக்கு அமைத்துத்தான் வருகிறது. நீங்கள் உட்கார்ந்ததும் பின்பக்கம் 30, 35 மி.மீ. அமுங்குகிற மாதிரி சரிசெய்த பிறகு, அதுவரை முரண்டு பிடித்த வளைவு எவ்வளவு இலகுவாகிறது என்று பாருங்கள்.

சில மாதம் ஓட்டாமல் நிறுத்தி வைக்க வேண்டியிருந்தால்?

ஆயில் மாற்றி, டேங்கை நிரப்பி, பேட்டரியைப் பராமரிப்பு சார்ஜரில் போட்டுவிடுங்கள். வண்டி அணைந்திருந்தாலும் மின்னணுக் கருவிகள் மெல்ல மின்சாரத்தை இழுக்கும். லித்தியம் பேட்டரி என்றால் அதற்கான சார்ஜரே வேண்டும். முன்னும் பின்னும் ஸ்டாண்டில் நிறுத்தினால் டயர் ஒரே இடத்தில் அமுங்காது. வாரத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது நல்லதென்று சொல்வார்கள், கேட்காதீர்கள்.

பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு போகலாமா?

சீட் என்று ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான். பின்னால் உட்காருகிறவர் உயரத்தில், முழங்கால் மடிந்து, பிடிக்க ஒன்றுமில்லாமல், பிரேக் பிடிக்கும்போதெல்லாம் உங்கள் முதுகில் மோதிக்கொண்டு வருவார். முன்சக்கரம் இன்னும் லேசாகும், நிற்கிற தூரம் மாறும். அருகில் எங்காவது மெதுவாகப் போய்வரலாம். நீண்ட பயணத்துக்கு வேண்டாம்.

வீட்டில் சம்மதிக்க மாட்டேன் என்கிறார்கள்.

அவர்கள் பயப்படுவது நியாயம், அதை வாதாடி வெல்லப் பார்க்காதீர்கள். மறைத்து வாங்குவது இன்னும் மோசம். பயிற்சிக்குப் போய் வந்ததைக் காட்டுங்கள், கவச உடைகளை முதலில் வாங்குங்கள், இன்சூரன்ஸை எடுத்துக் கையில் கொடுங்கள், எந்தச் சாலையில் எத்தனை மணிக்குப் போகிறீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள், சொன்ன நேரத்துக்குத் திரும்பி வாருங்கள். சின்ன வண்டியில் ஒழுங்காக ஓட்டிக் காட்டிய வருடங்கள் இங்கேயும் கைகொடுக்கும். குழந்தை பிறந்த பிறகு விற்றுவிட்டவர்கள் பலரை எனக்குத் தெரியும், அது தோல்வி கிடையாது.

பழைய வண்டி வாங்கும்போது எதைப் பார்ப்பது?

குளிர்ந்த எஞ்சினைப் பார்க்க வேண்டும், அதனால் நீங்கள் வரும் முன் ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். போனதும் கையை வைத்துப் பாருங்கள். ஹேண்டில்பார் முனை, லீவர் முனை, கால்வைப்பு நுனி, எஞ்சின் மூடியின் ஓரம் இவற்றில் உரசல் இருக்கிறதா, அல்லது பழைய வண்டியில் இவை மட்டும் பளபளவென்று புதிதாக இருக்கின்றனவா? இரண்டும் ஒரே கதையைத்தான் சொல்கின்றன. ஹேண்டில் முழுதாகத் திரும்பும்போது சட்டகத்தில் தட்டி நிற்கிற அந்தச் சின்ன மேட்டைப் பாருங்கள். அது நசுங்கியோ உடைந்தோ இருந்தால் வண்டி பலமாக விழுந்திருக்கிறது, வந்த வழியே திரும்பிவிடலாம். முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெல்லத் திருப்பினால் நடுவில் எங்கேயும் சிக்கக்கூடாது, ஃபோர்க் குழாயில் ஆயில் கசியக்கூடாது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், 2322 என்றால் 2022-ன் 23-வது வாரம் செய்தது. பள்ளம் ஆழமாக இருந்தாலும் ஐந்தாறு வருடம் பழைய டயரென்றால் அதன் விலையைப் பேரத்தில் கழித்துவிடுங்கள்.

சர்வீஸ் ரசீதுகளைக் கேளுங்கள், முக்கியமாக வால்வ் வேலைக்கானது. ஓடிய தூரம் குறைவு என்பதை மட்டும் வைத்து மயங்க வேண்டாம். பத்து வருடத்தில் 4,000 கி.மீ. மட்டும் ஓடிய வண்டியில் ரப்பர் குழாய், சீல், பிரேக் ஆயில் எல்லாம் மாற்ற வேண்டியிருக்கும். ஒழுங்காகச் சர்வீஸ் ஆகி 30,000 ஓடியது அதைவிடப் பத்திரமான கொள்முதல். ஓடுதளத்தில் ஓடியது என்று விற்பவரே சொன்னால் உடனே ஒதுக்க வேண்டாம், எத்தனை முறை ஆயில் மாற்றினார், எங்கே விழுந்தது என்று கேளுங்கள். விவரமாகப் பதில் சொல்கிறவரிடம் வாங்கலாம். ஓட்டிப் பார்க்கும்போது இரண்டாவது கியரில் நன்றாக இழுத்துப் பாருங்கள், கியர் தானாக வெளியே வந்துவிட்டால் உள்ளே தேய்ந்திருக்கிறது, அதைச் சரிசெய்ய எஞ்சினையே இறக்க வேண்டும்.